பாவித்த மெட்டல் டிடெக்டர்: உப்புவெளி முற்றத்தில் ஆழமும் இரைச்சலும்

உப்புவெளியில் கடற்கரையை ஒட்டிய சில விருந்தினர் விடுதிகளுக்குத் தண்ணீர்க் குழாய் வேலை பார்க்கும் பிளம்பர் தம்பி ஒருவர், பாவித்த மெட்டல் டிடெக்டர் ஒன்று பார்த்து வாங்கித் தரும்படி என்னிடம் கேட்டார். நான் திருகோணமலை நகரில் றேடியோ, அம்பிளிஃபயர், இன்வேட்டர் திருத்துகிறவன். அவர் கேட்டது ஒரே வரி: "அண்ணை, ஆகக் கூட ஆழம் போற மெஷின் எது?" ஆழத்தைக் கேட்டு வந்தவருக்கு ஏன் சுற்றியுள்ள மின் இரைச்சலைப் பார்த்து மெஷின் தெரிவு செய்ய வேண்டி வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலை என்ன

வேலை இரண்டு. முதலாவது, மண்ணுக்குள் போன கேற் வால்வுகளை, அதாவது குழாய்த் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வுகளை, கண்டுபிடிப்பது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் பல முற்றங்களுக்கு மணல் கொட்டி உயர்த்தினார்கள். பிறகு புல் வைத்தார்கள், அதன் மேல் கல் பதித்தார்கள். வால்வுப் பெட்டியின் இரும்பு மூடி இப்போது ஒரு முழம் கீழே கிடக்கிறது. வரைபடம் யாரிடமும் இல்லை. வைத்த பாஸ் வெளிநாடு போய்விட்டார். குழாய் வெடித்தால் முற்றம் முழுக்கக் கிண்ட வேண்டியதுதான்.

இரண்டாவது, மோதிரம். மே தொடங்கி செப்டெம்பர் வரை சுற்றுலாக் காலம். கடலில் விரல் சுருங்கி, மோதிரம் கழன்று விழும். விடுதி நடத்தும் அக்கா ஒருவர், "கண்டுபிடிச்சுக் குடுத்தா அவையள் சந்தோசமாக் காசு தருவினம், உனக்குத்தான்" என்று தம்பிக்கு ஆசை காட்டியிருந்தார்.

இரண்டையும் ஒரே மெஷினால் செய்வது கஷ்டம். வால்வு மூடி உள்ளங்கையை விடப் பெரிய இரும்பு. முற்றத்தில், சுவருக்குப் பக்கத்தில், கரண்ட் வயர்களுக்கு நடுவில் கிடக்கும். மோதிரம் மெல்லிய பொன். உப்புத் தண்ணீர் ஊறிய மணலில் கிடக்கும். முதலாவதுக்கு மின் இரைச்சல் எதிரி, இரண்டாவதுக்கு உப்பு. இன்னொன்றையும் அவருக்கு முதலிலேயே சொன்னேன்: பிவிசி குழாயை எந்த மெட்டல் டிடெக்டரும் காட்டாது. மூடி, ஜிஐ எனும் நாகம் பூசிய இரும்புக் குழாய்த் துண்டு, பித்தளை வால்வு, அவ்வளவுதான் தெரியும்.

சட்டம் முதலில்

நம் நாட்டில் இந்த மெஷினுக்கு "ஸ்கேனர்" என்று பேர். புதையல் தேடி ஸ்கேனரோடு பிடிபட்டவர்களின் படம் பத்திரிகையில் வந்தால், பக்கத்தில் மண்வெட்டியும் பூசைச் சாமானும் இருக்கும். திருகோணமலையில் அந்தச் சந்தேகம் இன்னும் கூடுதல். போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயில், பிரட்ரிக் கோட்டை, 1956-இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடிக் கடலில் கண்ட கோயில் இடிபாடுகள் என்று புதையல் கதைக்கு இங்கே பஞ்சமே இல்லை.

1940-இன் 9-ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, இன்னும் கண்டெடுக்கப்படாத தொல்பொருள் அரசின் சொத்து. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதைத் தேடித் தோண்டுவது குற்றம். ஆகவே தம்பிக்கு மூன்று நிபந்தனை போட்டேன். கோட்டை, கோயில், பழைய விகாரைப் பக்கம் மெஷினை எடுத்துப் போகவே கூடாது. வேலை செய்யும் விடுதி ஒவ்வொன்றிடமும் எழுத்தில் கடிதம் வாங்க வேண்டும். ஷெல் போலவோ குண்டு போலவோ ஏதும் கண்ணில் பட்டால் தொடாமல், வந்த தடத்திலேயே விலகி 119-க்குச் சொல்ல வேண்டும். இது யுத்தம் நடந்த மாவட்டம். அதற்கு முன்னரும் 1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு போட்ட துறைமுகம். இந்த மண்ணில் இரும்பு எப்படியெல்லாம் வந்தது என்று யாருக்குத் தெரியும்?

இதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் நான் உதவ மாட்டேன் என்றேன். ஒத்துக்கொண்டார்.

ஆழத்தின் கணக்கு

மெஷினின் அனுப்பும் கொயில் (தண்டின் நுனியில் உள்ள கம்பிச் சுருள்) ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் விடுகிறது. கொயிலின் அளவைத் தாண்டி ஆழம் போகப் போக, அந்தப் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் மெலிகிறது. உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டம் திருப்பி அனுப்பும் புலமும் அப்படியே மூன்றாம் அடுக்கில் மெலிந்துதான் மேலே வரும். இரண்டும் சேர ஆறாம் அடுக்கு. ஒரு மோதிரம் இரு மடங்கு ஆழத்தில் கிடந்தால், அதிலிருந்து வரும் சைகை 64-இல் ஒரு பங்கு.

இதையே திருப்பிப் பாருங்கள். ஒரு கம்பனி தன் மெஷினின் சைகையை இரு மடங்காக்கினால் கூடும் ஆழம் வெறும் 12 வீதம். ஒரு சாண் ஆழத்துக்கு ஒன்றரை விரல் கூடினால் அதிகம். ஆனால் சுற்றியுள்ள இரைச்சல் பத்து மடங்கு ஏறினால், ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே போய்விடும். பத்து மடங்கு இரைச்சல் என்பது பெரிய விஷயமே அல்ல. மலிவான எல்ஈடி விளக்கொன்றின் டிரைவர் பெட்டி, அதாவது விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி, பக்கத்தில் இருந்தால் போதும்.

விற்பவர்கள் மேசையில் வைத்து, காற்றில் ஒரு காசை ஆட்டி, "பாருங்கோ இவ்வளவு தூரத்தில கேக்குது" என்று காட்டுவது இதனால்தான் பயனற்றது. மண்ணும் இல்லை, உப்பும் இல்லை, உங்கள் முற்றத்து இரைச்சலும் இல்லை. எந்த மெஷினை உங்கள் இடத்தில் சென்சிற்றிவிற்றியை (எவ்வளவு மெல்லிய சைகைக்கும் சத்தம் போட வேண்டும் என்ற அமைப்பை) குறைக்காமல் ஓட்ட முடிகிறதோ, அதுதான் உங்களுக்கு ஆழம் போகும் மெஷின்.

முற்றத்தில் இரைச்சல் தேடியது

மெஷின் பார்க்கப் போவதற்கு முன் இடத்தைப் பார்க்கப் போனோம். பற்றரியில் ஓடும் சின்னத் திரான்சிஸ்டர் றேடியோ ஒன்றை மத்திய அலையின் கீழ்நுனியில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு முற்றம் முழுக்க நடந்தேன். மெட்டல் டிடெக்டர் வேலை செய்வது அதைவிட எவ்வளவோ கீழே, சில கிலோஹேர்ட்ஸ் முதல் சில பத்துக் கிலோஹேர்ட்ஸ் வரை. ஆனாலும் எல்ஈடி டிரைவர் போன்ற சுவிட்சிங் பவர் சப்ளைகள் இரண்டு இடத்திலும் குப்பை கொட்டும். றேடியோ இரையும் இடத்தில் டிடெக்டரும் பெரும்பாலும் இரையும். காசு செலவில்லாத சோதனை.

விடுதியில் எல்லோரும் போன் டவரைத்தான் குற்றம் சொன்னார்கள். வயதான காவல்காரர் ஐயா இன்னும் ஒரு படி மேலே போய், நிலாவெளிக்கு வடக்கே உள்ள பெரிய ஒலிபரப்பு நிலையம்தான் காரணம் என்றார். 1980-களில் ஜேர்மனியின் டொய்ச்சே வெல்லே அமைத்து, பின்னர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்ததே, அதுதான். இரண்டும் இல்லை. டவரின் அலைகள் நூற்றுக்கணக்கான மெகாஹேர்ட்ஸில் இருப்பவை. குற்றவாளிகள் வளவுக்குள்ளேயே இருந்தார்கள்: தோட்ட விளக்குகளின் எல்ஈடி டிரைவர்கள், கூரைச் சோலாரின் இன்வேட்டர், தண்ணீர் மோட்டரின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி. மெயின் பிரேக்கரை இறக்கச் சொல்லி, சோலார் இன்வேட்டரின் சுவிட்சையும் நிறுத்தியதும் றேடியோ அடங்கிவிட்டது.

கடற்கரையில் நிலைமை வேறு. அங்கே மின் இரைச்சல் குறைவு, மணல்தான் பிரச்சினை. காந்தத் துண்டொன்றைப் பொலித்தீன் பைக்குள் போட்டு மணலில் இழுத்துப் பார்த்தோம். கருமணல் கொஞ்சம் ஒட்டியது. வடக்கே புல்மோட்டையில் இல்மனைற், ரூற்றைல், சேர்க்கோன் என்று தோண்டி எடுக்கும் மணலின் சொந்தக்காரன்தான் இது. இல்மனைற் காந்தத்தில் மெதுவாகத்தான் ஒட்டும், மக்னற்றைற் கலந்திருந்தால் பாய்ந்து ஒட்டும். எங்கள் துண்டில் ஒட்டியது பயப்படும் அளவுக்கு இல்லை. இலங்கையில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், ஈரமணல் பட்டை ஒடுக்கம். மோதிரங்கள் தொலைவதும் அந்த ஒடுக்கப் பட்டையில்தான்.

விலைக்கு வந்தவை

முதலில் ஒதுக்கியதைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கைபிடியும் அன்டனாவும் மட்டும் உள்ள ஒன்றைக் கொண்டுவந்து, 30 அடி ஆழத்துத் தங்கத்தைத் திசை காட்டும் என்றார். இந்த இனத்துக்கு உலகப் பெயர் உண்டு. ஏடிஈ 651 என்ற போலிக் குண்டு காட்டியை ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கோர்மிக் என்பவருக்கு 2013-இல் பிரித்தானிய நீதிமன்றம் 10 ஆண்டு சிறை கொடுத்தது. அதுவும் இப்படித்தான், ஒரு பிடியும் ஒரு கம்பியும். வந்தவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினோம்.

உண்மையான மெஷின்கள் நான்கு கிடைத்தன. கரெட் ஏஸ் 250: 6.5 கிலோஹேர்ட்ஸில் ஒற்றை அலைவரிசை, நான்கு ஏஏ பற்றரி, மலிவு. கரெட் சீ ஹண்டர் மார்க் 2: பல்ஸ் இண்டக்‌ஷன் வகை, 60 மீற்றர் வரை தண்ணீருக்குள் போகும், கிண்ணியாவில் பழைய இரும்பு வாங்கும் ஒருவரிடம் இருந்தது. மைன்லாப் எக்ஸ்கலிபர் 2: 1.5 முதல் 25.5 கிலோஹேர்ட்ஸ் வரை 17 அலைவரிசை, இதுவும் 60 மீற்றர், நிலாவெளியில் டைவிங் சொல்லிக்கொடுக்கும் ஒருவருடையது. மைன்லாப் ஈக்வினொக்ஸ் 800: 2018-இல் வந்த பல அலைவரிசை மெஷின், 11 அங்குலக் கொயில், 3 மீற்றர் வரை தண்ணீர் தாங்கும், கனடாவிலிருந்து திரும்பி வந்த ஒருவருடையது.

உப்புமணலில் ஒற்றை அலைவரிசை ஏன் தடுமாறுகிறது? மண்ணின் காந்தத் தாதும் உப்புத் தண்ணீரின் கடத்துதிறனும் திருப்பி அனுப்பும் சைகைகளின் கட்டம் (அனுப்பிய அலைக்கு எவ்வளவு பிந்தி வருகிறது என்பது) வேறு வேறு. ஒற்றை அலைவரிசை மெஷினால் இரண்டில் ஒன்றைத்தான் சரிக்கட்ட முடியும். ஒன்றை அடக்கினால் மற்றது எழும்பும். இரண்டு மூன்று அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் பார்க்கும் மெஷின் அவற்றை ஒப்பிட்டு இரண்டையும் கழித்துவிடும். பல்ஸ் வகை வேறு வழியில் தப்புகிறது: துடிப்பை அனுப்பிவிட்டுச் சில மைக்ரோ செக்கன் பொறுத்துத்தான் கேட்கும். அதற்குள் உப்பின் சைகை செத்துவிடும். மெல்லிய பொன் சங்கிலியின் சைகையும் கூடவே செத்துவிடும் என்பது அதில் உள்ள கொடுமை.

இடத்தில் வைத்துச் சோதித்தது

விற்பவர் மெஷினோடு உப்புவெளிக்கு வர வேண்டும், வராவிட்டால் விலையே பேசுவதில்லை என்பது எங்கள் விதி. ஒருவர் முறைத்தார். ஆனாலும் எல்லோரும் வந்தார்கள்.

சோதனை முறையை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாவித்த மெஷின் வாங்கும் யாருக்கும் இதுதான் தேவை. முதலில் கொயிலை இடுப்பளவு தூக்கி அசைக்காமல் பிடித்து, சென்சிற்றிவிற்றியைக் கூட்டிக்கொண்டே போவது. அசையாமல் இருக்கும்போதே கத்தினால் அது மின் இரைச்சல். கொயிலைக் கிடையாகவும் நிமிர்த்தியும் பிடித்தால் அந்தச் சத்தம் கூடிக் குறையும். பிறகு கொயிலை மண்ணுக்குக் கிட்டவாக இறக்கி ஏற்றுவது. அப்போது மட்டும் கத்தினால் மண்ணின் வேலை. கடைசியாகக் கொயிலின் விளிம்பை விரலால் தட்டுவது, கேபிள் கொயிலுக்குள் நுழையும் இடத்தை மெதுவாக வளைப்பது. அப்போது கத்தினால் கொயிலோ கேபிளோ பழுது. இந்த மூன்றையும் பிரித்தறியாதவருக்கு விற்பவர் எந்தச் சத்தத்தையும் "கரண்ட் வயர் கிட்ட இருக்கு, அதுதான்" என்று சொல்லிவிடலாம். கைத்தொலைபேசிகளை முதலே தூர வைத்துவிட வேண்டும். இரண்டு டிடெக்டரை அருகருகே ஓட்டவும் கூடாது.

புதைப்பதற்கு ஒரு பழைய வால்வு மூடியும், அக்காவின் மெல்லிய மோதிரமும். மோதிரத்தில் நைலோன் தங்கூசி கட்டி நுனியை மேலே விட்டோம். இல்லாவிட்டால் அக்கா எங்களைப் புதைத்திருப்பார்.

ஏஸ் 250 உலர்ந்த புல்தரையில் நல்ல பிள்ளை. ஒரு முழத்து மூடியைக் காட்டியது. ஈரமணலுக்குப் போனதும் ஒவ்வொரு அலைக்கும் கத்தியது. அடக்குவதற்குச் சென்சிற்றிவிற்றியைக் குறைக்கக் குறைக்க, மோதிரம் நாலு விரல் ஆழத்திலேயே மங்கிவிட்டது. சீ ஹண்டர் ஈரமணலில் அமைதி, மோதிரம் ஒரு சாணுக்கும் கீழே கேட்டது. ஆனால் முற்றத்தில் ஆணி, கம்பி, சோடா மூடி எல்லாவற்றுக்கும் ஒரே குரல். இன்வேட்டருக்குக் கிட்டப் போனால் ஓயாத முனகல். பல்ஸ் வகை அகலமான அலைப்பட்டையில் கேட்பதால் இது எதிர்பார்த்ததுதான்.

எக்ஸ்கலிபர்தான் ஈரமணலில் எனக்கு ஆகப் பிடித்தது. அலை அடித்துத் திரும்பும்போதும் மூச்சுக் காட்டவில்லை. மோதிரத்தின் குரல் மெல்லியது, ஆனால் தெளிவு. கடலுக்கு மட்டும் ஒரு மெஷின் வேண்டுமென்றால் வேறு யோசிக்கவே தேவையில்லை. ஆனால் பற்றரிப் பொதி முதுமையில் சோர்ந்திருந்தது, கொயில் பெட்டியோடு நிரந்தரமாக இணைந்தது என்பதால் மாற்றி மாற்றிப் போட வசதியில்லை. முற்றத்து வேலைக்கு அது இடைஞ்சல்.

ஈக்வினொக்ஸ் ஈரமணலில் எக்ஸ்கலிபருக்கு அரை விரல் பின்னால் என்று சொல்லலாம். முற்றத்தில்தான் அது முன்னால் போனது. அதில் இரைச்சல் நீக்கம் என்று ஒன்று இருக்கிறது. பொத்தானை அழுத்திக் கொயிலை அசைக்காமல் பிடித்தால், தன் அலைவரிசையைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பார்த்து ஆக அமைதியானதைத் தானே தெரிந்தெடுக்கும். எல்ஈடி விளக்குகளுக்குப் பக்கத்தில் அதுவும் போதவில்லை. அப்போது பல அலைவரிசையை விட்டு ஒற்றைக்கு மாற்றினோம். 5 கிலோஹேர்ட்ஸில் கத்தியது, 20-இல் கிட்டத்தட்ட அடங்கியது. எந்த இடத்தில் எது அடங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மாற்றிப் பார்க்கும் வசதி இருப்பதுதான் காசுக்குப் பெறுமதி. பிரேக்கரை இறக்கிவிட்டு ஓட்டியபோது சென்சிற்றிவிற்றியைக் கூட்ட முடிந்தது, மூடி முழத்துக்கும் கீழே கேட்டது.

பேரம்

தம்பியின் வயிறு நிரம்புவது முற்றத்து வேலையால், மோதிரம் எப்போதாவது வரும் வரவு. ஆகவே ஈக்வினொக்ஸ். விற்பவர், "அண்ணா, ரெண்டு சமருக்குத்தான் பாவிச்சது, பெட்டியும் இருக்கு" என்றார். பெட்டி இருப்பது நல்லது, வாங்கிய ரசீது இருப்பது அதைவிட நல்லது. மைன்லாப், கரெட் இரண்டு கம்பனியின் மெஷின்களுக்கும் சந்தையில் போலிகள் உண்டு. ரசீதையும் தொடர் இலக்கத்தையும் ஒப்பிட்டோம். திரைக்குள் ஈரப்பொட்டு இருக்கிறதா, சார்ஜ் முனைகளில் பச்சை பிடித்திருக்கிறதா, பற்றரி தாங்குகிறதா என்று பார்த்தோம். கொயிலைத் தண்டோடு பிணைக்கும் காதில் மயிர்க்கோடு போல ஒரு வெடிப்பு இருந்தது, ஆணியை அளவுக்கு மீறி இறுக்கியதால் வந்தது. அதைக் காட்டித் தம்பி விலையைக் குறைத்தார். அந்தத் திறமை எனக்கு வராது.

வாங்கிய கையோடு தம்பிக்கு 15 அங்குலப் பெரிய கொயில் மேல் கண் போய்விட்டது. "பெரிசு எண்டால் ஆழம் கூடத்தானே அண்ணை?" அமைதியான வெட்டவெளியில் பெரிய பொருளைத் தேடினால் ஆம். முற்றத்திலோ பெரிய கொயில் பெரிய அன்டனா. இரைச்சலையும் அதிகம் வாங்கும், சுவருக்குள் உள்ள கம்பியையும் சேர்த்துக் கேட்கும். அதற்குப் பதிலாக 6 அங்குலக் கொயிலை வாங்கச் சொன்னேன். ஆழம் சற்றுக் குறைவுதான். ஆனால் சுவரோரத்தில் 11 அங்குலக் கொயில் ஓயாமல் கத்தும் இடத்தில் இந்தச் சின்னது மூடியைத் தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார். இப்போது அதைக் கழற்றுவதே அபூர்வம்.

வாங்கிய பிறகு

விடுதி வேலைக்குப் போனால் தம்பி முதலில் கேட்பது மெயினையும் சோலாரையும் நிறுத்த முடியுமா என்றுதான். விருந்தினர் காலை உணவுக்குப் போகும் நேரத்தைப் பார்த்து நிறுத்துகிறார்கள். இரும்பைத் தேடும்போது பாகுபாட்டை (சில உலோகங்களுக்குச் சத்தம் போடாமல் விடும் அமைப்பை) முழுக்க எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் வால்வு மூடியைக் குப்பை இரும்பு என்று தள்ளிவிடும். அதற்கு இந்த மெஷினில் குதிரை லாடப் படம் போட்ட பொத்தான் ஒன்று உண்டு. மோதிரத்துக்கு வேறு தலையிடி: திரையில் வரும் பொன் மோதிரத்தின் எண்ணும் சோடாத் தகரத்தின் அலுமினிய வளையத்தின் எண்ணும் ஒன்றோடொன்று கலந்து வரும். இரண்டையும் தோண்டித்தான் பார்க்க வேண்டும், தப்ப வழியில்லை. மூன்று மீற்றர் தண்ணீர் தாங்கும் என்பது புது மெஷினுக்குச் சொன்ன கணக்கு. பழைய ரப்பரை நம்பி முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் மெஷின் காரணமில்லாமல் விட்டு விட்டுத் துடிக்கும். பழுதென்று கடைக்குக் கொண்டுவந்தார். பழுதில்லை. மின்னலின் சக்தியில் பெரும்பங்கு சில கிலோஹேர்ட்ஸ் பக்கம்தான் இருக்கிறது, தூரத்து இடியையும் கொயில் கேட்டுவிடும். அந்த மாதங்களில் வேலையைக் காலையில் வைத்துக்கொள்வது ஒன்றே வழி. இடி கிட்ட வந்தால் கடற்கரையில் கையில் தண்டோடு நிற்காமல் வீட்டுக்குப் போவதும்.

ஒரு விடுதியின் பின்சுவரோரம் மட்டும் இன்னும் எங்களுக்கு வசப்படவில்லை. அத்திவாரக் கம்பி, நிலத்தடிக் கேபிள், அதற்குப் பக்கத்தில் அயல் வளவின் இன்வேட்டர். அயலவரிடம் போய் நிறுத்தச் சொல்ல முடியுமா? அந்த மூலைக்குத் தம்பி பழையபடி முறுக்குக் கம்பியால் குத்தித்தான் தேடுகிறார். புதிதாக வால்வு வைக்கும் இடங்களில், பெட்டிக்கு மேலே, நில மட்டத்திலிருந்து ஒரு சாண் கீழாக இரும்புத் தகடு ஒன்றைப் போட்டு மூடிவிட்டு, அக்காவிடம் அளவு எழுதிய கடதாசியும் கொடுக்கிறார்.